ஹைட்ரஜன் ராமன் கோடுகளும் வெப்பநிலையும்: கேள்வி பதில்

கேள்வி: ஹைட்ரஜன் வாயு லேசர் ஒளியை அலைநீளம் மாற்றிச் சிதறடிப்பதால் வரும் ராமன் கோடுகளில், அறை வெப்பநிலையில் எஸ்(1) கோடு ஏன் இவ்வளவு ஓங்கி நிற்கிறது? எஸ்(0) அல்லவா அடிநிலையிலிருந்து வருகிறது?

பதில்: எஸ்(0), எஸ்(1) என்பதில் உள்ள எண், மூலக்கூறு புறப்படும் சுழல்நிலையின் எண் (ஜே); அடிநிலை ஜே=0. அந்த அடிநிலையில் ஆளே குறைவு. 300 கெல்வினில் 66 விழுக்காடு மூலக்கூறுகள் ஜே=1 சுழல்நிலையில் இருக்கின்றன; ஜே=0இல் 13தான். ஒற்றைப்படை நிலைகளுக்கு (ஆர்த்தோ; இரட்டைப்படையானால் பாரா) அணுக்கருத் தற்சுழற்சியால் மும்மடங்கு எடை உண்டு. அதனால் எஸ்(1) (லேசரிலிருந்து 587 செ.மீ.⁻¹ தள்ளி விழும் கோடு), எஸ்(0) கோட்டைப்போல் (354 செ.மீ.⁻¹) மூன்று மடங்கு வலுவாக வரும்.

கேள்வி: ஐயா, வாயு அடைத்த கலத்தைத் திரவ நைட்ரஜனில் ஒரு மணி நேரம் வைத்தேன். எஸ்(1)÷எஸ்(0) 1.8 வந்தது. கணக்குப் போட்டால் 155 கெல்வின். கலம் குளிரவில்லையா?

பதில்: நன்றாகவே குளிர்ந்திருக்கிறது. வாயு 77 கெல்வினில்தான் இருக்கிறது. ஆர்த்தோ–பாரா பங்கு மட்டும் பழைய 3:1இலேயே நிற்கிறது. வெறும் மோதலால் மூலக்கூறு ஒற்றைப்படையிலிருந்து இரட்டைப்படைக்கு எளிதில் மாறாது. எஸ்(0)இன் சிதறல் வலுவை 1 என்று கொண்டால் எஸ்(1)க்கு 0.6. ஆக 75×0.6 ÷ 25 = 1.8. நீங்கள் அளந்தது இதைத்தான்! கலத்துக்குள் இரும்பு ஆக்சைடு வினையூக்கி வைத்துக் காத்திருங்கள். சமநிலை வந்ததும் விகிதம் 0.59க்கு இறங்கும், எஸ்(0) முந்திக்கொள்ளும். 1929இல் வேதியியலாளர்கள் போன்ஹோஃபரும் ஹார்டெக்கும் இதே மாற்றத்தைக் கரியின் மேல் நடத்தித்தான் பாரா ஹைட்ரஜனைப் பெற்றார்கள்.

கேள்வி: சூடான வாயுவுக்கு எந்தக் கோடுகள் நம்பகமானவை?

பதில்: எஸ்(3), எஸ்(1). இரண்டும் ஒற்றைப்படை என்பதால் ஆர்த்தோ–பாரா தொல்லை அடிபட்டுப்போகும். எஸ்(3)÷எஸ்(1) 300 கெல்வினில் 0.11, 1000இல் 0.79. வெப்பநிலை = 845 ÷ இயல்மடக்கை(1.85÷விகிதம்). கோட்டின் உயரத்தை எடுக்காதீர்கள், பரப்பை எடுங்கள்.

கேள்வி: உலை 1000 கெல்வின் காட்டுகிறது, கோடுகள் 920தான் தருகின்றன.

பதில்: முதலில் கேமராவைச் சந்தேகியுங்கள். 532 நா.மீ. லேசரில் எஸ்(1) 549இலும் எஸ்(3) 563இலும் விழும். இந்த 14 நா.மீ. இடைவெளியில் கருவியின் உணர்திறன் 7 விழுக்காடு குறைந்தாலே 80 கெல்வின் போய்விடும். 300இல் அதே பிழை 8 கெல்வின்தான், கண்ணில் படாது. டங்ஸ்டன் விளக்கால் அளவீடு செய்யுங்கள். அதிர்வெண் அடுக்குத் திருத்தத்தை (சிதறிய ஒளியின் அதிர்வெண் குறைந்தால் கோடும் வலுக்குறையும் என்பதற்கான திருத்தம்) மட்டும் தனியாகப் போடாதீர்கள்: வேகமாகச் சுழலும் மூலக்கூறு நீள்வதால் எஸ்(3) வலுக்கூடி, அந்தக் குறைவில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும்.

கேள்வி: சூடாக்கினால் எஸ்(1) ஒரேயடியாக மங்குகிறதே?

பதில்: அழுத்தம் மாறாமல் 300இலிருந்து 1000 கெல்வினுக்குப் போனால் அடர்த்தி 0.3 மடங்கு, ஜே=1இன் பங்கு 66இலிருந்து 31 விழுக்காடு. இரண்டும் சேர்ந்து ஏழில் ஒரு பங்கு. பதிவு நேரத்தை ஏழு மடங்காக்குங்கள்.