பைக்கில் கார் டயரா?

கேள்வி: அமெரிக்காவில் ஹோண்டாவின் கோல்ட் விங் என்ற பெரிய, கனமான பைக் ஓட்டும் பெண்கள் சிலர் பின்சக்கரத்தில் கார் டயர் போடுகிறார்களாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். நெடுஞ்சாலையிலேயே ஓடும் கனமான வண்டியில் பின்சக்கர டயரின் நடுப்பகுதி சீக்கிரம் தேய்ந்துவிடும், கார் டயர் ரொம்ப நாள் உழைக்கும், விலையும் குறைவு, அதனால் பைக் டயரைக் கழற்றிவிட்டு கார் டயரை மாட்டுகிறார்கள். தானே சக்கரத்தை இறக்கி, ஆயில், பிரேக் பேட் மாற்றும் பெண்கள் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை. ஆனால் டயர் விஷயத்தில் நான் அவர்கள் பக்கம் இல்லை. பைக் டயர் உருண்டையாக இருப்பதே திருப்பத்தில் சாயத்தான். தட்டையான கார் டயர் ஓரத்தில் ஏறி நிற்கும், வண்டி நிமிரப் பார்க்கும். ரிம்மில் உட்காரும் டயர் விளிம்பும் இரண்டிலும் வேறு மாதிரி. டயர் கம்பெனிகளே வேண்டாம் என்கின்றன. வண்டி வேலையைத் தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள், டயர் மட்டும் பைக் டயராகவே இருக்கட்டும்.