மாநாட்டில் கூச்சல் போட்ட பிரதிநிதிகள்தான் கட்சியைத் தோற்கடிக்கிறார்களா?

கேள்வி: அமெரிக்காவில் அதிபர் வேட்பாளரை அறிவிக்கும் கட்சி மாநாடுகளில், தோற்ற அணியின் பிரதிநிதிகள் கடைசி வரை முறுக்கிக்கொண்டு நிற்பது ஏன்? கட்சி ஒற்றுமையைக் குலைத்துத் தேர்தலில் தோற்கடிப்பது இவர்கள்தானா?

2016 ஜூலை கடைசி வாரம். அப்போது நான் நியூ ஜெர்சியில், பிலடெல்பியாவுக்கு ஆற்றின் இக்கரையில் குடியிருந்தேன். அக்கரையில் வெல்ஸ் பார்கோ சென்டரில் ஜனநாயகக் கட்சி மாநாடு. எச்-1பி விசாவில் இருந்த எனக்கு ஓட்டெல்லாம் கிடையாது. ஆனாலும் கூட்டம் என்றால் எட்டிப் பார்க்கிற புத்தி நம்மை விடுமா? ஒருநாள் வேலை முடிந்ததும் பிராட் ஸ்ட்ரீட் ரயிலைப் பிடித்துத் தெற்குக் கோடி ஸ்டேஷன் வரை போய்விட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் மாநாடு, இந்தப் பக்கம் பூங்காவில், வேட்பாளர் போட்டியில் ஹிலாரி கிளிண்டனிடம் தோற்ற பெர்னி சாண்டர்ஸின் ஆதரவாளர்கள். கொளுத்தும் வெயிலில் தொண்டை கட்டும் வரை கத்திக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் அலுவலகத்தில் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி சாண்டர்ஸ் தரப்புப் பிரதிநிதியாகத் தேர்வாகி உள்ளே இருந்தார். லீவு போட்டு, ஓட்டல் வாடகையைக் கைக்காசில் கட்டிப் போயிருந்தார். அடுத்த வாரம் வேலைக்கு வந்தபோது குரலே இல்லை. நானும் உங்களைப் போலத்தான் கேட்டேன்: "நீங்கள் இப்படிச் சண்டை போட்டால் டிரம்ப்புக்குத்தானே லாபம்?" அவர் கோபப்படவில்லை. "ஜெயிக்க மாட்டோம் என்று ஜூன் மாதமே தெரியும். எனக்கு ஓட்டுப் போட்டவர்களின் எண்ணிக்கையை மேடையில் சத்தமாக வாசிக்கட்டும் என்றுதான் போனேன்" என்றார். அந்தப் பதில் அன்று எனக்குப் பிடிபடவில்லை. பழைய மாநாடுகளைப் பற்றிப் படிக்கப் படிக்கத்தான் புரிந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிரதிநிதியைக் கட்சித் தலைமை நியமிப்பதில்லை. கட்சி வேட்பாளர் யார் என்று மக்களிடமே கேட்கும் பிரைமரி தேர்தல் மாநிலத்தில் நடக்கிறது. 15 சதவீதமாவது வாங்கும் வேட்பாளர்களுக்கு வாங்கிய ஓட்டின் விகிதத்தில் ஜனநாயகக் கட்சி இடம் பிரித்துக் கொடுக்கிறது. அந்த இடத்தில் உட்காருகிறவர் இன்னாருக்கென்று வாக்குக் கொடுத்து வந்தவர். அவரிடம் போய் "சரி, நம் ஆள் தோற்றுவிட்டார், எதிரணிக்குக் கைதட்டு" என்றால் ஒரே ராத்திரியில் மனசு மாறிவிடாது.

மாநாட்டுக்கு மூன்று நாள் முன்புதான், ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் இணையதளம் கட்சித் தலைமையகத்தின் ஏறத்தாழ 20 ஆயிரம் மின்னஞ்சல்களைக் கொட்டியிருந்தது. நடுநிலையாக இருக்க வேண்டிய அலுவலகத்தில் சிலர் சாண்டர்ஸுக்கு எதிராக எழுதியிருந்தது அதில் வெளியாகி, தலைவர் டெபி வாஸர்மன் ஷுல்ட்ஸ் பதவி விலக நேர்ந்தது. அந்த எரிச்சலோடுதான் திங்கட்கிழமை ஆரம்பித்தது. பகலில் சாண்டர்ஸே தன் பிரதிநிதிகளைக் கூட்டி, ஹிலாரி கிளிண்டனை ஜெயிக்க வைக்க வேண்டும் என்றார். தங்கள் தலைவரையே ஊ என்று கத்தி அடக்கினார்கள். மாலையில் நாடாளுமன்ற உறுப்பினர் எலைஜா கம்மிங்ஸ் பேசும்போது பசிபிக் வர்த்தக ஒப்பந்தத்துக்கு எதிராகக் கோஷம். கம்மிங்ஸ் அந்த மரியாதைக் குறைவுக்கு உரியவர் இல்லை. கிளர்ச்சிக்காரர்கள் செய்ததெல்லாம் சரி என்று நான் வாதாட வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மாநிலம் மாநிலமாகக் கணக்கு வாசித்தார்கள். வெளிநாடு வாழ் ஜனநாயகக் கட்சியினரின் முறை வந்தபோது, இங்கிலாந்தில் குடியிருக்கும் லாரி சாண்டர்ஸ் எழுந்து, இறந்துபோன அப்பா அம்மாவை நினைவுகூர்ந்து, தழுதழுத்த குரலில் தம்பிக்குத் தன் ஓட்டைப் போட்டார். அரங்கில் தம்பியின் கண்ணிலும் நீர். சாண்டர்ஸின் சொந்த மாநிலமான வெர்மான்ட் தன் முறையைத் தள்ளிப்போட்டுக் கடைசியாக வந்தது. கிளிண்டனுக்கு 2,842, சாண்டர்ஸுக்கு 1,865. அப்புறம் சாண்டர்ஸே மைக்கைப் பிடித்து, கிளிண்டனை ஒருமனதாக வேட்பாளராக ஏற்க வேண்டும் என்று முன்மொழிந்தார். அது முடிந்த கையோடு அவருடைய பிரதிநிதிகள் நூற்றுக்கணக்கில் எழுந்து வெளியே போய்ச் செய்தியாளர் கூடாரத்தை நிரப்பினார்கள். எங்கள் அலுவலகப் பெண்மணி போகவில்லை. கணக்கை வாசித்ததும் தன் வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிட்டாராம்.

இனி உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி. நவம்பரில் மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்துச் சுமார் 78 ஆயிரம் ஓட்டில் கிளிண்டன் கோட்டை விட்டார். இவ்வளவு சின்ன வித்தியாசம் என்றால் யார் தலையில் வேண்டுமானாலும் பழியைப் போடலாம். "பெர்னி ஆட்கள்தான்" என்று போட்டவர்கள் நிறையப் பேர். ஆனால் அதே ஜூலையில், ஒரு வாரம் முன்பு, கிளீவ்லாந்தில் குடியரசுக் கட்சி மாநாடு என்ன லட்சணத்தில் நடந்தது?

பிரதிநிதிகளை மனசாட்சிப்படி ஓட்டுப் போட விட வேண்டும் என்று டிரம்ப் எதிர்ப்பாளர்கள் விதிக்குழுவில் கேட்டுத் தோற்றார்கள். அரங்கில் விதிகளை நிறைவேற்றும்போது பெயர் வாசித்து ஓட்டெடுக்கச் சொல்லி மனுக் கொடுத்தார்கள். ஏழு மாநிலங்களில் பெரும்பான்மைப் பிரதிநிதிகள் கையெழுத்துப் போட்டால் போதும். சில மாநிலங்கள் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டன, எண்ணிக்கை தேறவில்லை என்று மேடையிலிருந்து அறிவித்து, குரல் ஓட்டிலேயே முடித்துவிட்டார்கள். கொலராடோ பிரதிநிதிகள் வெளிநடப்பு. இரண்டு நாள் கழித்து, வேட்பாளர் போட்டியில் டிரம்ப்பிடம் தோற்ற டெட் குரூஸ் மேடையேறி, டிரம்ப்புக்கு ஓட்டுப் போடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் "மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள்" என்றார். அரங்கமே அவரை ஊளையிட்டு அனுப்பியது. ஒற்றுமைதான் ஜெயிக்க வைக்கும் என்றால் இந்தக் கட்சி டெபாசிட் இழந்திருக்க வேண்டும். ஜெயித்தது.

இந்தக் குரல் ஓட்டு ஒரு தனிக் கூத்து. 2012-ல் சார்லட்டில், கொள்கை அறிக்கையில் கடவுளையும் ஜெருசலேமையும் சேர்க்க ஜனநாயகக் கட்சிக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டியிருந்தது. தலைமை தாங்கிய அன்டோனியோ வில்லரைகோசா "ஆம்" சொல்லுங்கள், "இல்லை" சொல்லுங்கள் என்று மூன்று முறை கேட்டார். இரண்டு சத்தமும் ஏறக்குறைய ஒரே அளவு. மூன்றாவது முறை, மூன்றில் இரண்டு பங்கு இருக்கிறது என்று அவர் காதுக்குக் கேட்டுவிட்டது! அரங்கம் கொதித்தது. ஒபாமா நவம்பரில் சுலபமாக ஜெயித்தார்.

இன்னும் பழையது வேண்டுமென்றால் 1948. அதே பிலடெல்பியாதான். ஹ்யூபர்ட் ஹம்ப்ரி கறுப்பின மக்களின் சம உரிமைக்காகப் பேசி, அதற்கான தீர்மானம் நிறைவேறியதும், மிசிசிப்பிப் பிரதிநிதிகள் முழுவதும், அலபாமாவில் பாதிப் பேரும் எழுந்து போய்விட்டார்கள். போனவர்கள் சும்மா இருக்கவில்லை, ஸ்ட்ராம் தர்மண்டைத் தனி வேட்பாளராக நிறுத்தினார்கள். அவர் நான்கு மாநிலங்களை ஜெயித்து 39 தேர்வாளர் ஓட்டுகளை (மாநிலவாரியாகக் கிடைக்கும், அதிபர் யார் என்று முடிவு செய்யும் ஓட்டுகள்) வாங்கினார். இடதுபக்கம் ஹென்றி வாலஸ் வேறு பிரிந்து போயிருந்தார். கட்சியின் வேட்பாளரான அதிபர் ட்ரூமன் ஏற்புரை பேச எழுந்தபோது மணி இரவு இரண்டு. மேடையில் பறக்கவிட வைத்திருந்த புறாக்கள் வெக்கையில் வாடிக் கிடந்து, திறந்துவிட்டதும் அரங்கத்துக்குள்ளேயே சுற்றின. இப்படியொரு மாநாட்டுக்குப் பிறகும் ட்ரூமன் 303 தேர்வாளர் ஓட்டு வாங்கி ஜெயித்தார்.

அதிருப்தியாளர் என்றாலே நல்லவர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்கும் 1948 உதாரணம். அன்று வெளிநடப்புச் செய்தவர்கள் இனப் பாகுபாட்டைக் காப்பாற்றப் போனவர்கள்.

"1980-ல் தோற்றார்களே" என்று யாராவது கேட்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த மாநாடும் அதுதான். நியூயார்க், மேடிசன் ஸ்கொயர் கார்டன். பதவியில் இருக்கும் அதிபர் ஜிம்மி கார்ட்டர். அவரைச் சொந்தக் கட்சிக்குள்ளேயே எதிர்த்து நின்றவர் எட்வர்ட் கென்னடி. கணக்கில் கார்ட்டர் வெகு தூரம் முன்னால். ஆனால் கோடைகாலத்தில் கார்ட்டரின் செல்வாக்குச் சரிந்துகொண்டே போனது. எந்த வேட்பாளருக்கு என்று தேர்வானார்களோ அவருக்கே முதல் சுற்றில் ஓட்டுப் போட வேண்டும் என்ற விதியைத் தூக்கிவிட்டால் பிரதிநிதிகள் மனம் மாறலாம் என்று கென்னடி அணி கணக்குப் போட்டது. அந்த விதிக்கு அவர்கள் வைத்த பெயர் ரோபோ விதி. சண்டை முழுவதும் அந்த ஒரு பத்தியைப் பற்றித்தான். விதி வேண்டும் என்றவர்கள் 1,936.4, வேண்டாம் என்றவர்கள் 1,390.6. (புள்ளிக்குப் பின்னால் இருப்பது அச்சுப்பிழை இல்லை. சில பிரதிநிதிகளுக்கு முழு ஓட்டுக் கிடையாது.)

அன்று இரவே கென்னடி விலகிக்கொண்டார். ஆனால் மறுநாள் மேடையில் பேசினார். கனவு சாவதே இல்லை என்று முடித்த அந்தப் பேச்சைத்தான் இன்றைக்கும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கார்ட்டரின் ஏற்புரையில் ஜனங்கள் நினைவில் வைத்திருப்பது, காலமான ஹ்யூபர்ட் ஹம்ப்ரியை அவர் ஹார்ன்ப்ளோவர் என்று தவறாகச் சொன்னதை. 1,200 கோடி டாலர் வேலைவாய்ப்புத் திட்டத்தையும் கென்னடி அணி கொள்கை அறிக்கையில் நுழைத்துவிட்டது. கடைசி நாள் மேலேயிருந்து பலூன்கள் ஒழுங்காக விழவில்லை. கென்னடி தாமதமாக வந்தார். கைகோத்து உயர்த்தி ஒரு போட்டோ எடுத்துவிட வேண்டும் என்று கார்ட்டர் மேடையில் அவர் பின்னாலேயே சுற்ற, கென்னடி கைகுலுக்கிவிட்டு நழுவிக்கொண்டே இருந்தார். பார்க்கவே பாவமாக இருக்கும்.

நவம்பரில் தேர்வாளர் ஓட்டுகள்: குடியரசுக் கட்சியின் ரீகன் 489, கார்ட்டர் 49. அந்தக் கை உயர்ந்திருந்தால் இந்தக் கணக்கு மாறியிருக்கும் என்று நான் நம்பவில்லை. விலைவாசி எகிறிக் கிடந்தது, தெஹ்ரானில் பணயக் கைதிகள் இன்னும் வீடு திரும்பவில்லை. கென்னடிக்கு அத்தனை பிரதிநிதிகள் கிடைத்ததே அந்தக் கோபத்தால்தான். 2024-ஐப் பாருங்கள்: ஓட்டுப் போட்ட பிரதிநிதிகளில் 99 சதவீதம் பேர் கமலா ஹாரிஸுக்கு ஆதரவு, சிகாகோ அரங்கில் ஒரே உற்சாகம். காசாப் போரை எதிர்த்து வந்த சில பிரதிநிதிகள் ஒரு பாலஸ்தீன அமெரிக்கருக்கு மேடையில் சில நிமிடம் கேட்டார்கள். மறுத்துவிட்டார்கள். வெளியே தரையில் உட்கார்ந்து ராத்திரியைக் கழித்தார்கள். உள்ளே ஒற்றுமைக்குக் குறைவே இல்லை. முடிவு உங்களுக்குத் தெரியும்.

அப்படியானால் இந்தக் கத்தலால் என்னதான் பயன்? என் அபிப்பிராயத்தில், அடம்பிடிக்கும் பிரதிநிதிகளால் அந்த வருட வேட்பாளரை மாற்ற முடிவதே இல்லை. அடுத்த மாநாட்டின் விதிப்புத்தகத்தைத்தான் மாற்றுகிறார்கள். 2016-ல் கிளிண்டன் பக்கம் பெரும்பாலும் சாய்ந்திருந்த 700-க்கும் மேற்பட்ட சூப்பர் டெலிகேட்டுகள்தான் சாண்டர்ஸ் ஆட்களின் பெரிய புண். எந்த பிரைமரியிலும் நிற்காத, கட்சிப் பதவியாலேயே ஓட்டுப் பெற்றவர்கள். மாநாட்டுக்கு முன்பே விதிக்குழுவில் சமரசம் பேசி ஒரு சீர்திருத்தக் குழு அமைக்க ஒப்புக்கொண்டார்கள். 2018 ஆகஸ்டில், முடிவு ஏற்கெனவே உறுதியாகியிருந்தால் ஒழிய முதல் சுற்றில் சூப்பர் டெலிகேட்டுகளுக்கு ஓட்டில்லை என்று கட்சி தீர்மானித்தது. நான் அதற்குள் சென்னைக்குத் திரும்பிவிட்டேன். அந்தப் பெண்மணி செய்தி இணைப்பை வாட்ஸப்பில் அனுப்பினார், கூட ஒரு வார்த்தையும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், சூப்பர் டெலிகேட்டுகள் பிறந்ததே 1980 சண்டைக்குப் பிறகுதான். தோல்விக்குப் பின் அமைந்த ஹன்ட் குழு, இனி அனுபவசாலிகளும் அரங்கில் இருக்கட்டும் என்று 1982-ல் அவர்களைக் கொண்டுவந்தது. கென்னடி எதிர்த்த ரோபோ விதியும் தளர்ந்தது: தங்களைத் தேர்ந்தெடுத்தவர்களின் உணர்வை நல்ல மனசாட்சியோடு பிரதிபலிக்க வேண்டும் என்று வாசகம் மாறியது. 2024-ல் பைடனை மாற்றலாமா என்ற பேச்சுக் கிளம்பியபோது நிபுணர்கள் தோண்டி எடுத்துக் காட்டியது இந்த வரியைத்தான். அதற்கும் முன்னால் 1968 சிகாகோ. ஒரு பிரைமரியில்கூட நிற்காத ஹம்ப்ரி வேட்பாளரானார், வியட்நாம் போருக்கு எதிரான தீர்மானம் தோற்றது, வெளியே போலீஸ் தடியடி. அந்த அவமானத்திலிருந்து வந்த மெக்கவர்ன் குழுவின் சீர்திருத்தத்தால்தான் இன்று நாம் பார்க்கிற பிரைமரி முறையே வேரூன்றியது.

அதற்கும் ஒரு படி முன்னால் போனால் 1964, அட்லாண்டிக் சிட்டி. கறுப்பின மக்களை ஓட்டே போட விடாத மிசிசிப்பியிலிருந்து வெள்ளையர் மட்டுமே கொண்ட பிரதிநிதிக் குழு வந்திருந்தது. அதற்குப் போட்டியாக மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி 68 பேரோடு வந்து, எங்களை உட்கார வையுங்கள் என்றது. வாக்காளராகப் பதிய முயன்றதற்காகக் குடியிருந்த பண்ணையிலிருந்து துரத்தப்பட்டதையும், வினோனா சிறையில் அடித்து நொறுக்கப்பட்டதையும் பானி லூ ஹேமர் தகுதிக்குழுவின் முன் சொன்னார். தொலைக்காட்சி கேமராக்களைத் திருப்ப அதிபர் ஜான்சன் அவசர அவசரமாக ஒரு செய்தியாளர் சந்திப்பை நடத்தினார். சானல்கள் அன்று இரவே ஹேமரின் பேச்சைத் திரும்ப ஒளிபரப்பிவிட்டன. ஒற்றுமை கெட்டுவிடும் என்று கெஞ்சி, 68 பேருக்கு இரண்டு இடம் தருகிறோம், யார் அந்த இரண்டு பேர் என்பதையும் நாங்களே சொல்கிறோம் என்றார்கள். இரண்டு இடத்துக்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று ஹேமர் மறுத்துவிட்டார்.

ஜான்சன் அந்த வருடம் 61 சதவீத ஓட்டோடு ஜெயித்தார். மாநாட்டில் ஒரு வாக்குறுதியும் கொடுத்திருந்தார்கள்: அடுத்த முறை இனப் பாகுபாட்டோடு தேர்வான குழுக்களுக்கு இடமில்லை. நான்கு வருடம் கழித்துச் சிகாகோவில் மிசிசிப்பியின் பழைய குழுவை வெளியே அனுப்பிவிட்டு, கறுப்பரும் வெள்ளையரும் கலந்த புதுக் குழுவை உட்கார வைத்தார்கள். ஹேமர் தன் இடத்துக்கு வந்தபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.