60 நாள் கெடு: வேலை இழந்தவர்களின் கேள்விகளுக்குப் பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனிலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் இந்த முறை வந்த கடிதங்களிலும் வாட்ஸ்அப் குரல் பதிவுகளிலும் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். வெளிநாட்டுச் சரக்கு மலிவாகப் போகிறது, இங்கே வேலை போய்விட்டது, மறுபயிற்சிக்கு அரசாங்கம் பணம் தருகிறதாமே, அதை எப்படி வாங்குவது, எதில் செலவு செய்வது என்று கேட்கிறார்கள். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 11 வருஷமாகக் கையுறைத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். சம்பளம் 2,000 வெள்ளி (ரிங்கிட்). சீனக் கையுறை விலையோடு போட்டி போட முடியவில்லை என்று எங்கள் லைனை மூடுகிறார்கள். ஒரு தாளைக் கொடுத்து வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்கிறார்கள். பயிற்சிப் பணம் எனக்குக் கிடைக்குமா?
— 43 வயது வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, பயிற்சியைப் பிறகு பார்ப்போம், முதலில் அந்தத் தாள். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது வரியில் 'மெலேத்தாக் ஜாவாத்தான்' என்று இருக்கிறது. நீங்களாகவே விருப்பப்பட்டு வேலையை விடுகிறீர்கள் என்று அதற்கு அர்த்தம். அதில் கையெழுத்துப் போடாதீர்கள். தானாக ராஜினாமா செய்தவருக்கு சொக்சோவின் (அரசாங்கத்தின் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலைக் காப்புறுதி கிடையாது, ஆட்குறைப்புக்கான இழப்பீட்டைக் கேட்கவும் வழி அடைபட்டுவிடும். "இது ஆட்குறைப்பு, அப்படியே எழுதிக் கடிதம் கொடுங்கள்" என்று கேளுங்கள். வாயால் கேட்கத் தயக்கமாக இருந்தால் எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறமும் இழுத்தடித்தால் தொழிலாளர் இலாகாவுக்குப் போய்விடுங்கள், அங்கே புகார் கொடுக்கக் காசு கட்ட வேண்டாம்.

உங்களுக்கு வர வேண்டியது இரண்டு பணம். இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஒன்றை விட்டுவிடுகிறவர்கள் நம் ஊரில் நிறைய.

முதலாவது கம்பெனி தர வேண்டியது. 1980-ஆம் ஆண்டின் விதிப்படி, 5 வருஷமோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்கு வருஷத்துக்கு 20 நாள் சம்பளம். உங்களுக்கு 11 வருஷம், ஆக 220 நாள். 2,000 வெள்ளிச் சம்பளத்தில் அது ஏறக்குறைய 14,400 வெள்ளி வருகிறது. வேலை முடிந்த ஏழு நாளுக்குள் கைக்கு வர வேண்டும். இதுபோக 8 வார நோட்டீஸ் உண்டு, நோட்டீஸ் தராமல் நிறுத்தினால் அந்த 8 வாரச் சம்பளத்தைத் தர வேண்டும்.

இரண்டாவது சொக்சோ தருவது. 2018 ஜனவரியிலிருந்து மாதா மாதம் உங்கள் சம்பளத்தில் 0.2 விழுக்காடு பிடிக்கிறார்கள், முதலாளியும் அதே அளவு கட்டுகிறார். சம்பளச் சீட்டில் 'எஸ்ஐபி' (வேலைக் காப்புறுதியின் மலாய்ச் சுருக்கம்) என்று ஒரு வரி, பக்கத்தில் 4 வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு எண் இருக்கும், எடுத்துப் பாருங்கள். அந்தச் சில்லறை சேர்ந்ததுதான் இந்தப் பணம். யாரும் தர்மம் போடுவதாக நினைத்துக் கூச்சப்படாதீர்கள். வேலை தேடும் காலத்துக்கான உதவித்தொகை முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றிலும் நான்கிலும் 40, ஐந்திலும் ஆறிலும் 30. நீண்ட நாள் கட்டியவர்களுக்கு ஆறு மாதம் வரை வரும். உங்கள் கணக்குக்கு ஏறக்குறைய 1,600, 1,000, 800, 800, 600, 600. எல்லாம் சேர்த்து 5,400 வெள்ளி. வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். போன வருஷம் நான்கு மாதம் வீட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டு ஐந்தாம் மாதம் என்னிடம் வந்த ஒரு பெண்ணை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். அவளுக்கு முழு உரிமையும் இருந்தது, தேதி மட்டும் போய்விட்டது.

பயிற்சிக் கட்டணம் இதே காப்புறுதியிலிருந்துதான், 4,000 வெள்ளி வரை. அது உங்கள் கைக்கு வராது, பயிற்சி நிலையத்துக்கு நேராகப் போய்விடும். வகுப்புக்குப் போகிற நாளுக்கு உங்களுக்கு ஒரு சிறு படி உண்டு, போகாத நாளுக்குக் கிடையாது.

எந்த வகுப்பு என்று கேட்டிருந்தீர்கள். வகுப்பைத் தேடி ஓடாதீர்கள், முதலில் வேலையைத் தேடுங்கள். பாக்டரி பஸ்ஸோ மோட்டார் சைக்கிளோ ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் இடத்தில், ஈப்போ, கோலகங்சார், தைப்பிங் பக்கம், எந்தக் கம்பெனி ஆள் எடுக்கிறது என்று மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் பாருங்கள், நேரிலும் போய்க் கேளுங்கள். "இந்தச் சான்றிதழோடு வந்தால் எடுப்பீர்களா?" என்று கேட்டுவிட்டுப் பிறகு வகுப்பில் சேருங்கள். நீங்கள் 11 வருஷமாகச் செய்தது சும்மா வேலை கிடையாது. கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, ஊசித்துளையில் ஒரு சொட்டு கசிகிறதா என்று இரண்டு நிமிடம் கண் இமைக்காமல் பார்க்கிற கண் உங்களுக்கு இருக்கிறது, எத்தனை பெட்டிக்கு எத்தனை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்ற கணக்கும் தெரியும். உணவுத் தொழிற்சாலைக்கும் மருத்துவச் சாதனம் செய்கிற இடத்துக்கும் அதே கண்தான் வேண்டும். அந்தப் பக்கத்துத் தரக்கட்டுப்பாட்டுச் சான்றிதழ் ஒன்றை எடுத்தால் 11 வருஷத்தின் மேல் ஒரு படி ஏறுவீர்கள். கேக் செய்கிற வகுப்பில் சேர்ந்தால் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும். கேக் வகுப்பைக் குறைத்துச் சொல்லவில்லை, அதில் நன்றாக வந்தவர்களும் இருக்கிறார்கள், ஆனால் ஆசைப்பட்டுப் போக வேண்டும், வேறு வகுப்பு இல்லையே என்று போகக் கூடாது.

கேள்வி: வெளிநாட்டு இறக்குமதியால் வேலை போனவர்களுக்கென்றே அமெரிக்காவில் தனி நிதி இருக்கிறதாம். நமக்கு ஏன் இல்லை?
— வாசகர், கோலகங்சார்

பதில்: இருந்தது, அண்ணே. 1962-ல் கென்னடி காலத்து வாணிபச் சட்டத்தோடு வந்தது, 1974-ல் விரிவாக்கினார்கள். இறக்குமதியால் வேலை போனது என்று மூன்று தொழிலாளர்களோ அவர்களுடைய சங்கமோ மனுப் போடலாம். தொழிலாளர் அமைச்சு விசாரித்து ஒப்புக்கொண்டால் பயிற்சிக் கட்டணமும் பயிற்சிக் காலத்துக்கு வாராந்தரப் பணமும் கிடைக்கும். 2022 ஜூலை முதல் புது மனுக்களை ஏற்பதில்லை, நாடாளுமன்றம் அதைப் புதுப்பிக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் இதே மாதிரி ஒரு நிதி நடக்கிறது.

நம்முடைய ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. வேலை எதனால் போனது, சீனாவாலா, வரியாலா, இயந்திரத்தாலா என்று நிரூபிக்கச் சொல்வதில்லை, ஆட்குறைப்பு என்றால் போதும். எழுதப் படிக்கத் தடுமாறுகிற ஒரு தொழிலாளிக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று மனுப் போட்டு அலைந்தவர்களுக்குத் தெரியும். அமெரிக்கர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் ஒன்று இருக்கிறது. 50 வயது தாண்டியவர் குறைந்த சம்பளத்துக்கு வேறு வேலையில் சேர்ந்தால், பழைய சம்பளத்துக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை இரண்டு வருஷம் வரை, 10,000 டாலர் உச்சவரம்போடு, அந்தத் திட்டம் கொடுத்து வந்தது. இங்கே 52 வயதில் வேலை போய், பாதுகாவலர் சீருடையில் பாதிச் சம்பளத்துக்கு நிற்கிற அப்பாக்களைப் பார்க்கும்போதெல்லாம் இது இங்கேயும் வர வேண்டும் என்று தோன்றுகிறது. உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்த்தால் கேளுங்கள், நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த அமெரிக்கத் திட்டத்தைப் பற்றி 2012-ல் வந்த ஒரு பெரிய மதிப்பீடு, பயிற்சி பெற்றவர்கள் நான்கு வருஷம் கழித்தும் பெறாதவர்களைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கவில்லை என்று சொன்னது. பின்னால் வந்த ஆய்வுகளில் நல்ல பலனும் தெரிந்தது. பணத்தை ஒதுக்குவதோடு வேலை முடிந்துவிடாது, எந்த வேலைக்கு எந்தப் பயிற்சி என்பதில் எல்லாம் இருக்கிறது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

கேள்வி: கோயில் மண்டபத்துக்கு ஒருவர் வந்தார். 4,000 வெள்ளி வகுப்பு இலவசம், ஐசி (அடையாள அட்டை) நகல் கொடுங்கள், இங்கே கையெழுத்துப் போடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். போடலாமா?
— வாசகி, தோட்டப் பெயர் வேண்டாம் என்றார்

பதில்: வேண்டாம். அது உங்கள் பணம். அவர் பிடித்துக் கொடுக்கிற வகுப்பில் 4,000 வெள்ளியையும் தீர்த்துவிட்டால், பிறகு உங்களுக்குப் பொருத்தமான வகுப்பு ஒன்று கண்ணில் பட்டாலும் கட்டணம் கட்ட உங்களிடம் எதுவும் இருக்காது.

எனக்கு இது பட்ட பாடம். பல வருஷத்துக்கு முன்னால் எங்கள் பகுதியில் ஒரு நிலையம் தையல் வகுப்பு நடத்தியது, நானே பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டேன். மூன்று வாரத்தில் முடித்து, கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு ஈப்போவில் ஏறி இறங்கிய எந்தக் கடையும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஏனென்றால் அது மலேசியத் திறன் சான்றிதழ் கிடையாது, அந்த நிலையமே அச்சடித்தது. அந்தப் பெண்கள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. ஆகவே கேளுங்கள்: இது எஸ்கேஎம் என்கிற அந்த மலேசியத் திறன் சான்றிதழா, எந்த நிலை, இந்த நிலையத்துக்குத் திறன் மேம்பாட்டுத் துறையின் அங்கீகாரம் இருக்கிறதா, போன முறை படித்தவர்களில் இரண்டு பேரோடு பேச முடியுமா? பதில் சொல்ல முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஐசி நகல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அதன் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். வெற்றுப் பாரத்தில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

கேள்வி: எங்கள் சங்கத்துக்கு 30 பேருக்குப் பயிற்சி நடத்த மானியம் கிடைத்திருக்கிறது. நான் செயலாளர், கணக்குத் தெரியாது. எப்படி நிர்வகிப்பது?
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: மானியத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. திருவிழாப் பணத்தோடு ஒரு நாள் கூடக் கலக்காதீர்கள், பிறகு திருப்பி வைத்துவிடலாம் என்று எடுப்பதில்தான் நல்ல மனிதர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ரசீது இல்லாத செலவைச் செய்யாதீர்கள். வருகைப் பதிவேட்டில் அவரவரே அன்றன்றைக்குக் கையெழுத்துப் போட வேண்டும், கடைசி நாளில் மொத்தமாக வாங்குவது தப்பு.

அதைவிட முக்கியமாக நான் நினைப்பது வேறு. உங்களிடம் பணம் கொடுத்தவர்கள் 30 பேர் வந்தார்களா, படம் எடுத்தீர்களா என்று கேட்பார்கள். நீங்கள் ஆறு மாதம் கழித்து 30 பேருக்கும் போன் போட்டு, வேலை கிடைத்ததா, என்ன சம்பளம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். 30-ல் 9 பேர்தான் வேலையில் இருந்தாலும் 9 என்றே எழுதுங்கள். அடுத்த முறை எந்த வகுப்பை விட வேண்டும் என்று அந்த நோட்டு காட்டிக்கொடுக்கும். இதற்காக 300, 400 வெள்ளியை ஆரம்பத்திலேயே திட்டத்தில் போட்டு அனுமதி வாங்கிவிடுங்கள்.

அப்படியே உங்கள் உறுப்பினர்களில் இன்னும் வேலையில் இருப்பவர்களிடமும் சொல்லுங்கள். 10 மலேசியர்களோ அதற்கு மேலோ வைத்திருக்கிற தொழிற்சாலைகள் சம்பளத்தில் 1 விழுக்காட்டை எச்ஆர்டி கார்ப் என்கிற மனிதவள மேம்பாட்டு நிறுவனத்துக்கு லெவியாக (கட்டாயக் கட்டணமாக) கட்டுகின்றன. அந்தப் பணத்தில் தொழிலாளிக்கு வேலையில் இருக்கும்போதே பயிற்சி கொடுக்கலாம். லைன் மூடும் பேச்சு காதில் விழுந்தவுடன், மூடுவதற்கு முன்பே, தொழிற்சங்கம் இதைக் கேட்க வேண்டும். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில் நம் பெற்றோர் லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) விட்டு மூட்டையோடு வெளியே வந்தார்கள், இப்படிக் கேட்க அவர்களுக்கு ஒரு நிதியும் இல்லை. மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து துன் சம்பந்தனின் கூட்டுறவுச் சங்கம் தோட்டம் வாங்கத் தொடங்கியது 1960-க்குப் பிறகுதான். இன்றைக்குப் பணம் இருக்கிறது, கேட்கிற வாய்தான் குறைவு.

கேள்வி: என் வீட்டுக்காரர் அதே கையுறைத் தொழிற்சாலையில் 16 வருஷம் பாய்லர் பார்த்தவர், 51 வயது. இனிமேல் போய்ச் சின்னப் பையன்களோடு உட்கார்ந்து படிப்பதா என்று கோபப்படுகிறார்.
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அவர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது அக்கா, வற்புறுத்தாதீர்கள். ஆனால் இதைச் சொல்லிப் பாருங்கள். செம்பனை ஆலைகள் எல்லாம் நீராவியில்தான் ஓடுகின்றன, பழத்தின் நாரையும் கொட்டையின் ஓட்டையும் எரித்துப் பாய்லர் போட்டுக் குலைகளை அவிக்கிறார்கள். சான்றிதழ் பெற்ற பாய்லர்மேன் இல்லாமல் அந்தப் பாய்லரை ஓட்டச் சட்டம் விடாது. பேராக்கில் ஆலைக்குப் பஞ்சமில்லை. அவரிடம் ஏற்கெனவே சான்றிதழ் இருந்தால் பயிற்சியே வேண்டாம், நேராக ஆலை மேலாளரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தேர்வுக்கான வகுப்புக்குத்தான் அந்த 4,000 வெள்ளி. வகுப்பில் உட்கார முடியாது என்றால், முன் அனுபவத்தைக் கோப்பாகக் கொடுத்து எஸ்கேஎம் வாங்குகிற வழியும் உண்டு, 'பிபிடி' என்று கேட்க வேண்டும். ஆனால் பாய்லர் ஓட்டுவதற்கான தகுதிச் சான்றிதழ் வேறு, அதற்குத் தேர்வு எழுதியே ஆக வேண்டும், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அலமாரி மேல் அவருடைய பழைய ஷிப்ட் நோட்டுகள் கட்டாக இருப்பதாகவும், தீபாவளிக்குச் சுத்தம் செய்யும்போது எரித்துவிடலாமா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். எரிக்காதீர்கள். எந்தத் தேதியில் எத்தனை மணி நேரம், அழுத்தம் எவ்வளவு என்று அவர் கையால் எழுதியது அது, அனுபவத்துக்கு அதைவிட நல்ல அத்தாட்சி அவரிடம் வேறு இருக்காது. ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, கரையான் ஏறாத இடத்தில் வையுங்கள்.