கன்யேயின் ஓட்டு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போட்ஸ்வானாவின் 2024 தேர்தல் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். 58 ஆண்டுகள் ஆண்ட கட்சிக்கு 61 இடங்களில் நான்குதான் கிடைத்தது என்பதே எனக்குப் புதிய செய்தி. ஆனால் ஒரு வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. "இந்தத் தோல்வியின் விதை 1969இல் கன்யே தொகுதியில் விழுந்தது" என்கிறீர்கள். தேடிப் பார்த்தேன். அங்கே வென்றவர் அந்த ஊரின் பரம்பரைத் தலைவர். அரசர் வந்து நின்றார், குடிகள் ஓட்டுப் போட்டார்கள். இதை எப்படி ஜனநாயகத்தின் கணக்கில் எழுதுகிறீர்கள்?

ரா.

அன்புள்ள ரா.,

ஒரே வரியில் சொல்லிக் கடந்தது என் பிழை. கன்யேயின் கதைக்கு ஒரு வரி போதாது.

கன்யே, தலைநகர் காபரோனுக்குத் தென்மேற்கே குன்றின்மேல் அமைந்த பெரிய ஊர். பங்வாகெட்சே மக்களின் தலையூர். 'கோசி' என்று அழைக்கப்படும் அவர்களின் தலைவர், 'கோட்லா' என்ற பொதுமன்றில் அமர்ந்து வழக்குத் தீர்ப்பார், நிலம் பங்கிடுவார், மழை பொய்த்த ஆண்டில் முறையீடு கேட்பார். 1928 முதல் 41 ஆண்டுகள் அந்த இடத்தில் இருந்தவர் இரண்டாம் பத்தோவென். அவருடைய தாத்தா முதலாம் பத்தோவென், தங்கள் நிலம் பிரிட்டிஷ் முதலாளி செசில் ரோட்ஸின் கம்பெனி கைக்குப் போகக்கூடாது என்று கேட்க 1895இல் லண்டன் வரை போன மூன்று தலைவர்களில் ஒருவர். பேரனும் லேசுப்பட்டவர் அல்ல. தலைவர்களின் அதிகாரத்தைக் குறைத்து பிரிட்டிஷ் அரசு 1934இல் ஆணைகள் பிறப்பித்தபோது, பங்வாட்டோ என்ற இன்னொரு இனத்தின் தலைவர் ட்ஷெகெடி காமாவோடு சேர்ந்து, பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியான ஹை கமிஷனர்மீதே வழக்குத் தொடுத்தார். 1936இல் தோற்றார்.

அதே கன்யேயில் 1925இல் பிறந்தவர் க்வெட் மசிரே. தலைவர் குடும்பத்தைச் சேராதவர். 1950இல் கன்யேயில் உயர்நிலைப் பள்ளி தொடங்கினார்; பத்தோவெனின் தந்தை சீபாபிட்சோவின் பெயரையே அதற்கு வைத்தார். பிறகு விவசாயத்தில் இறங்கி, 1957இல் 'மாஸ்டர் ஃபார்மர்' சான்றிதழும் வாங்கினார். நிலம் செழித்தபோதுதான் மோதல் முற்றியது. பொதுநிலத்தில் வேலி போட்டார் என்று சொல்லி அவருடைய நிலங்களைக் கோசி பறித்துக்கொண்டார். இதை நான் மறைக்க விரும்பவில்லை. நீங்கள் சந்தேகிக்கும் அந்த அரசர், சந்தேகிக்கத் தக்கவராகவும் இருந்தார்.

1962இல், பின்னாளில் முதல் குடியரசுத் தலைவரான செரெட்சே காமாவும் மசிரேயும் மற்றவர்களும் சேர்ந்து போட்ஸ்வானா ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார்கள். 2024இல் நான்கு இடங்களுக்குச் சுருங்கிய கட்சி இதுதான். அதன் சின்னம் வண்டியைத் தூக்கும் ஜாக்கி. மக்கள் வாயில் அது ஆப்பிரிக்கான்ஸ் மொழியின் 'டோம்க்ராக்' ஆயிற்று. 'டெமாக்ரட்டிக்' என்ற சொல்லும் அந்த ஓசையில் கலந்துபோயிற்று. 1965 தேர்தலில் 31 இடங்களில் 28 அவர்களுக்கு. மறு ஆண்டு விடுதலை வந்தபோது மசிரே குடியரசுத் துணைத் தலைவர்.

அப்புறம் சட்டங்கள் வந்தன. 1965இன் சட்டங்கள் தலைவர்களை அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து, உள்ளூர் நிர்வாகத்தை மாவட்ட மன்றங்களிடம் தந்தன. 1968இன் பழங்குடி நிலச் சட்டம், நிலம் பங்கிடும் உரிமையை நில வாரியங்களுக்கு மாற்றியது. அதே ஆண்டு 'மதிமேலா' பற்றியும் சட்டம் வந்தது. மதிமேலா என்றால் உடையவன் தெரியாமல் அலையும் மாடுகள். அதுவரை அவை கோசியைச் சேர்ந்தவை. இனி மாவட்ட மன்றத்தைச் சேரும் என்றார்கள். சின்ன விஷயம்போலத் தோன்றும். ஆனால் மாடுதான் செல்வம், மாடுதான் மணப்பரிசம், மாடுதான் மானம் என்றிருக்கும் நாட்டில், வழி தப்பிய மாடு யாருடைய பட்டிக்குப் போகிறது என்பது யார் ஆள்கிறார்கள் என்ற கேள்வி.

முப்பது ஆண்டுகளுக்கு முன்பு நீதிமன்றத்துக்குப் போன மனிதர் இம்முறை வாக்குப்பெட்டியிடம் போனார். 1969இல் கோசி பதவியைத் துறந்தார். மகன் சீபாபிட்சோ அந்த இடத்துக்கு வந்தார். பத்தோவென் போட்ஸ்வானா தேசிய முன்னணியில் சேர்ந்தார். 1965இல் கென்னத் கோமா தொடங்கிய இடதுசாரிக் கட்சி அது. சோவியத் நாட்டில் படித்துத் திரும்பிய கோமாவும் பரம்பரைக் கோசியும் ஒரே மேடையில். கன்யே தெற்கில், பதவியிலிருந்த துணைத் தலைவர் மசிரேயை எதிர்த்து நின்றார், வென்றார். முன்னணிக்கு அந்தத் தேர்தலில் கிடைத்த மூன்று இடங்களும் பங்வாகெட்சே நாட்டில்தான்.

உங்கள் கேள்விக்கு இப்போது வருகிறேன். ஆம், பரம்பரைப் பற்று இல்லாமல் அந்த வெற்றி இல்லை. ஆனால் 1965ஐயும் பாருங்கள். அப்போதும் பத்தோவென்தான் கோசி, மசிரேயோடு பகையும் பழையது. அந்தத் தேர்தலில் மசிரே நாடாளுமன்றத்துக்குப் போனார். கோசியின் பேச்சை மந்திரம்போலக் கேட்கும் மக்கள் என்றால் அது எப்படி நடந்தது? இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் நிலமும் மாடும் கைமாறிய விதம் மாறியிருந்தது. அதைப் பற்றி ஓட்டுப் போட ஓர் ஆள் கிடைத்தார், போட்டார்கள். நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

செட்ஸ்வானா மொழியில் ஒரு முதுமொழி உண்டு: 'கோசி கே கோசி கா மொராஃபே'. குடிகளால்தான் கோசி கோசியாகிறான் என்று பொருள். கோட்லாவில் நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்ட வாக்கு அது. 1969இல்தான் ஒரு கோசி அதை எண்ணிப் பார்க்கும்படி மக்களிடம் கொடுத்தார். நாற்காலியை விட்டு இறங்கி, தோற்கக்கூடிய ஒரு போட்டியில் நின்றார். அந்த இறக்கத்தைத்தான் நான் ஜனநாயகத்தின் கணக்கில் எழுதுகிறேன்.

எனக்கு வருத்தம் தருவது அடுத்து நடந்ததுதான். நாடாளுமன்ற உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கும் நான்கு சிறப்பு இடங்கள் அப்போது இருந்தன. அவற்றில் ஒன்றின் வழியாக மசிரே திரும்பினார், துணைத் தலைவராகவே தொடர்ந்தார். நாட்டுக்கு அதனால் நன்மையே விளைந்தது என்பதை ஏற்கிறேன். 1980இலிருந்து 1998 வரை குடியரசுத் தலைவராக இருந்து, வைரப் பணத்தைப் பள்ளிகளாகவும் சாலைகளாகவும் மாற்றியவர் அவர். 1967இன் கனிமச் சட்டம் நிலத்தடிச் செல்வத்தை நாட்டுக்குப் பொதுவாக்காமல் இருந்திருந்தால், 1982இல் பங்வாகெட்சே மண்ணில் திறந்த ஜ்வானெங் சுரங்கம் ஓர் இனத்தின் தனிச்சொத்தாகியிருக்கும். அந்த வாதத்தில் நான் முழுக்க மசிரேயின் பக்கம். ஆனாலும் கன்யேயின் வாக்காளர் 'வேண்டாம்' என்று சொன்ன மனிதர், அடுத்த வாரங்களிலேயே பக்கவாசல் வழியாக ஆட்சிக்குள் வந்து அமர்ந்தார். ஆளும் கட்சிக்குத் தோல்வியின் வலி தெரியாமல் போன முதல் நாள் அது. விதை என்று நான் எழுதியது இதைத்தான்.

தலைவரின் ஊர் தலைவரோடு போவது கன்யேயோடு முடிந்துவிடவில்லை. 2019இல் முன்னாள் குடியரசுத் தலைவர் இயன் காமா (செரெட்சேயின் மகன்) ஆளும் கட்சியை உடைத்துக்கொண்டு வெளியேறியபோது, அவர் ஆதரித்த புதிய கட்சி வென்ற மூன்று இடங்களும் பங்வாட்டோவின் தலையூரான செரோவேயில். அவர் பங்வாட்டோ மக்களின் தலைவர் என்பது உங்களுக்குத் தெரியும். ஆக, உங்கள் ஐயம் வெறும் ஐயம் அல்ல. ஆனால் 2024இல் ஆட்சியைப் பிடித்த கூட்டணியின் முதுகெலும்பு, 1969இல் கன்யே தாங்கிப் பிடித்த அதே தேசிய முன்னணி. மூன்றே இடங்களோடு அது ஒரு மூலையில் உயிர்பிழைத்திருக்காவிட்டால், நகரத்து இளைஞர்கள் பின்னாளில் போய்ச் சேர ஒரு கட்சி இருந்திருக்குமா?

பத்தோவென் 1985 வரை உறுப்பினராக இருந்தார். பிறகு, மசிரே குடியரசுத் தலைவராக இருந்த காலத்திலேயே, மரபுவழி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைவர் பொறுப்பை ஏற்றார். தேர்தல்களை விட்டுவிட்டு மறுபடி வழக்குக் கேட்கப் போனார். 1990இல் இறந்தார்.

அன்புடன்