தாத்தாவின் டிரங்குப் பெட்டியைக் கல்லூரி ஆவணகத்துக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: பாலக்கோட்டை அடுத்த எங்கள் பூர்வீக வீட்டை ஆடி கழிந்ததும் இடித்துக் கட்ட இருக்கிறோம். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் இருநூறுக்கும் மேற்பட்ட புகைப்படங்கள், கடிதங்கள், மொய் நோட்டுகள், கந்தாய (நிலவரி) ரசீதுகள், சில பத்திரங்கள், பாட்டி பாடிய மூன்று கேசட்டுகள் ஆகியவை இருக்கின்றன. இப்பகுதிக் குடும்பங்களின் வாழ்க்கையை டிஜிட்டல் ஆவணமாகத் தொகுத்துவரும் ஒரு சமுதாயக் கல்லூரியின் மாணவர்கள் பெட்டியை அப்படியே கேட்கிறார்கள். சித்தப்பாவோ, “நம் வீட்டுச் சங்கதி ஊருக்கு எதற்கு?” என்கிறார். படங்களில் இருப்பவர்களை அடையாளம் சொல்ல 84 வயதாகும் பெரிய அத்தை ஒருவர்தான் இருக்கிறார். கொடுக்கலாமா? எப்படிக் கொடுப்பது? — ஒரு வாசகி, ஓசூர்.

பதில்: கொடுக்கலாம், ஆனால் பெட்டியைக் கொடுக்க வேண்டாம். பெட்டியில் உள்ளவற்றின் டிஜிட்டல் படிகளைக் கொடுங்கள். ஸ்கேன் செய்வதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதை உங்கள் கேள்வியின் கடைசியில் நீங்களே சொல்லிவிட்டீர்கள். படங்கள் இன்னும் பத்து ஆண்டுகள் காத்திருக்கக்கூடும். உங்கள் அத்தையின் நினைவை அப்படிக் காக்க வைக்க முடியாது.

கல்லூரி இதைக் கேட்பதில் விந்தை எதுவும் இல்லை. நியூயார்க்கின் லாகார்டியா சமுதாயக் கல்லூரியில் 1982 முதல் ஓர் ஆவணகம் இயங்குகிறது. அந்நகர மேயர்களின் ஆவணங்களும் ஸ்டீன்வே பியானோ நிறுவனத்தின் பதிவேடுகளும் இருக்கும் அதே இடத்தில், பொதுக் குடியிருப்புகளின் வாழ்க்கையையும் குவீன்ஸ் பகுதியின் உள்ளூர் வரலாற்றையும் காட்டும் ஆவணங்களும் இருக்கின்றன. நம் பக்கத்திலும் முன்னோடி உண்டு. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலை ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியுடன், தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோக்களிலிருந்த குடும்பப் படங்களை எண்மமாக்கியது. அத்திட்டத்தின் அடிப்படை விதி மூலப்பொருள் அது பிறந்த நாட்டிலேயே இருக்க வேண்டும் என்பதாகும்; வெளியே போவது படி மட்டுமே. அந்த விதியை உங்கள் வீட்டு அளவுக்குச் சுருக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி அத்தையிடம் வருவோம். பெட்டியைத் திறந்து படங்களைத் துடைத்து வரிசைப்படுத்தத் தொடங்காதீர்கள். எந்தப் படம் எந்த உறையில், எந்தக் கடிதத்தோடு சேர்ந்து கிடந்தது என்பதே ஒரு தகவல் என்பதால், கிடந்த வரிசையிலேயே ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணை மெல்லிய பென்சிலால் படத்தின் பின்புற ஓரத்தில் அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா பின்புறத்திலிருந்து முகத்தில் தழும்பாக எழும்பும். பிறகு அத்தையிடம் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து படங்களுக்கு மேல் காட்டாமல், கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, எண்ணை உரக்கச் சொல்லி, அவர் பேசுவதை இடைமறிக்காமல் கேளுங்கள். “இது யார்?” என்று கேட்டால் பெயர் மட்டும் வரும். “இதை எடுத்த அன்று என்ன நடந்தது?” என்று கேட்டால் பெயரோடு சேர்த்து ஊர், உறவு, வருத்தம், விருந்து எல்லாம் வரும்.

ஒவ்வொரு படத்துக்கும் யார், எங்கே, எப்போது, எதற்காக என்ற நான்கோடு, இதைச் சொன்னவர் யார் என்பதையும் குறிக்க வேண்டும். ஐந்தாவதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். அத்தை சொன்னதற்கும் நீங்கள் ஊகித்ததற்கும் வேறுபாடு தெரியாத குறிப்பு நாளை ஆய்வாளர் ஒருவரைத் தவறான வழியில் அனுப்பிவிடும். பெண்களை ‘இன்னாரின் மனைவி’ என்று எழுதி நிறுத்தாதீர்கள். அவர்களுடைய சொந்தப் பெயர், பிறந்த ஊர், வீட்டில் கூப்பிட்ட பெயர் ஆகியவற்றை இப்போது கேட்காவிட்டால் பிறகு கேட்க ஆள் இருக்காது. உங்களுக்குச் சாதாரணமாகத் தோன்றும் பொருள்களையும் பெயரிட்டு எழுதுங்கள். திண்ணையில் சாய்த்து வைத்திருக்கும் மூங்கில் பின்னல் பட்டுப்புழு கூடு கட்டும் சந்திரிகை என்பது தருமபுரியில் பட்டுக்கூடு அங்காடிக்குப் போய்வந்த குடும்பங்களுக்குத் தெரியும். நாற்பது ஆண்டு கழித்து அதைப் பார்ப்பவர் தட்டு, முறம் என்று எதையாவது எழுதிவைப்பார்.

ஊர்ப் பெயரிலும் தேதியிலும் சில சிக்கல்கள் உண்டு. பாலக்கோடு இருக்கும் தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965-இல். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல். உங்கள் தாத்தாவின் பழைய ரசீதில் சேலம் ஜில்லா என்று இருந்தால் அது பிழையன்று. ஆவணத்தில் உள்ளபடி அப்படியே எழுதி, இன்றைய தாலுகாவையும் மாவட்டத்தையும் தனிக் கட்டத்தில் சேருங்கள். தமிழ் வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்ப வருவதால், ‘சார்வரி வருடம் தை மாதம்’ என்ற கல்யாணப் பத்திரிகை 1901 ஜனவரி-பிப்ரவரியாகவும் இருக்கலாம், 1961 ஜனவரி-பிப்ரவரியாகவும் இருக்கலாம். அதே கட்டுக்குள் இருக்கும் மொய் நோட்டில் தொகை அணாவில் இருக்கிறதா, நயா பைசாவில் இருக்கிறதா என்று பாருங்கள். தசம நாணயம் வந்தது 1957 ஏப்ரலில். ‘நயா’ என்ற அடைமொழி 1964-இல் கைவிடப்பட்டது. எனவே நயா பைசா என்று எழுதியிருந்தால் ஆண்டு கிட்டத்தட்டப் பிடிபட்டுவிடும். ஆனால் அணாக் கணக்கு மக்கள் வாயிலும் நோட்டிலும் சில காலம் நீடித்ததால், அணா இருப்பதை மட்டும் வைத்து 1957-க்கு முந்தியது என்று முடிவு கட்டக்கூடாது. கந்தாய ரசீதில் உள்ள பசலி (வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு) எண்ணோடு 590-ஐக் கூட்டினால் அப்பசலி தொடங்கும் ஆண்டு கிடைக்கும். பசலி 1360 என்பது 1950 ஜூலையில் தொடங்கி 1951 ஜூனில் முடிந்தது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து உறவினர் எழுதிய கடிதங்கள் தெலுங்கிலோ கன்னடத்திலோ இருந்தால், படிக்கத் தெரியவில்லை என்று ஒதுக்காமல் மொழியை மட்டுமாவது குறித்து வையுங்கள்.

இக்குறிப்புகளை யூனிகோடு தமிழில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகவே தெரியும். அப்படி அடித்து வைத்த ஒரு பெரிய பட்டியலை எழுத்தெழுத்தாக மீட்டெடுக்க நான் ஒரு கோடை விடுமுறை முழுவதையும் செலவிட்டிருக்கிறேன்.

ஸ்கேன் செய்வது இவ்வளவு பெரிய வேலையன்று. தட்டை ஸ்கேனரில் படங்களுக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), கடிதங்களுக்கும் நோட்டுகளுக்கும் 300 முதல் 400 டிபிஐ போதும். கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ண அமைப்பிலேயே எடுங்கள், ஏனெனில் பழுப்பேறிய நிறமும் ஸ்டூடியோவின் முத்திரையும் ஆவணத்தின் பகுதிகளே. பின்புறத்தையும் எடுக்க மறக்காதீர்கள். மூலக்கோப்பு தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) வடிவில் இருக்கட்டும். நாலுக்கு ஆறு அங்குலப் படம் ஒன்று ஏறத்தாழ 26 எம்பி வரும். இருநூறு படங்கள் பின்புறத்தோடு சேர்ந்தாலும் சுமார் 10 ஜிபிதான். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் கோப்பு சுருங்குவதோடு அதில் பொதிந்துள்ள தகவலும் உதிர்ந்துவிடும் என்பதால், ஆவணகத்துக்குக் கோப்புகளை வன்தட்டில் கொடுங்கள். பிளாஸ்டிக் தாள் ஒட்டும் ஆல்பத்தில் சிக்கிய படங்களை நகத்தால் பிய்க்காதீர்கள். பல் இடுக்கைத் துடைக்கும் நூலைப் படத்துக்கும் பசைக்கும் நடுவே மெல்ல இழுத்தால் பெரும்பாலும் பிரியும், பிரியாவிட்டால் ஆல்பத்தோடே ஸ்கேன் செய்யுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம்.

கேசட்டுகளில் கூடுதல் கவனம் தேவை. மேல்விளிம்பில் இரு மூலைகளிலும் உள்ள சிறு பிளாஸ்டிக் நாக்குகளை முதலில் உடைத்துவிடுங்கள். அதன்பின் பதிவுப் பொத்தானைத் தவறி அழுத்தினாலும் பாட்டியின் குரல் அழியாது. நாடாவில் வெண்பூஞ்சை தெரிந்தால் டேப்பில் போட்டுச் சோதிக்காமல் ஒலிநாடா மீட்பில் அனுபவம் உள்ளவரிடம் கொடுக்க வேண்டும். போட்டால் பூஞ்சை கருவியின் தலையிலும், அங்கிருந்து அடுத்த கேசட்டிலும் ஏறும். சேமிப்பு சுருக்கப்படாத வேவ் (WAV) வடிவில், 24 பிட்டில், குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கட்டும். ஒரு மணி நேர ஸ்டீரியோ ஒலிக்கு 1 ஜிபி அளவு இடம் பிடிக்கும். பாட்டி பாடியது தாலாட்டா, நடவுப்பாட்டா, ஒப்பாரியா என்று அத்தையையே கேட்டுக் குறியுங்கள். ஒப்பாரி என்றால் யாருக்காக என்பதையும் கேளுங்கள். அந்தப் பதில் வந்த பிறகு அதைப் பொதுவில் வைக்க வேண்டாம் என்று உங்களுக்கே தோன்றலாம்.

உரிமைகளைப் பொறுத்தவரை, இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, பணம் கொடுத்து ஸ்டூடியோவில் எடுக்கச் செய்த படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் செய்தவரே. அந்த வகையில் உங்கள் தாத்தாவுக்குப் பின் அவருடைய வாரிசுகள் அனைவருக்கும் அதில் பங்குண்டு. கடிதத்தின் நிலை வேறு. காகிதம் பெற்றவருடையது, ஆனால் அதில் உள்ள எழுத்தின் உரிமை எழுதியவருக்கோ அவர் வாரிசுகளுக்கோ சேரும். எனவே சித்தப்பா எழுதிய கடிதத்தின் படியை அவர் ஒப்புதலின்றிக் கொடுக்க உங்களுக்கு உரிமையில்லை. மனை, நிலப் பத்திரங்களின் மூலத்தை எவரிடமும் ஒப்படைக்காதீர்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம் என்றாலும், வங்கிக் கடனுக்கோ விற்பனைக்கோ மூலப் பத்திரத்தைத்தான் கேட்பார்கள். கல்லூரிக்கு அவசியமானால் 1900-களின் முற்பகுதியைச் சேர்ந்த ஒன்றிரண்டின் படியைக் கொடுத்து, நடப்பில் உள்ள சர்வே எண்களை மறைத்துவிடலாம்.

கல்லூரியோடு எழுத்தில் ஓர் உடன்படிக்கை அவசியம். நம் பக்கத்துச் சமுதாயக் கல்லூரிகள் பெரும்பாலும் சான்றிதழ், பட்டயப் படிப்புகளை நடத்துபவை. நிரந்தர ஆவணக் காப்பாளர் இருப்பது அரிது, ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் மாறிப்போனால் திட்டமும் நின்றுபோகும். ஆகவே ஸ்கேன் செய்த மூலக்கோப்புகள் அனைத்தும் குறிப்புகளோடு ஒரு மாதத்துக்குள் உங்கள் கைக்கு வர வேண்டும் என்றும், இணையதளம் மூடப்பட்டால் கோப்புகள் எந்த நூலகத்துக்கு மாற்றப்படும் என்றும், வணிகப் பயன்பாட்டுக்கு உங்கள் தனி ஒப்புதல் தேவை என்றும், குடும்பத்தில் எவரேனும் கேட்டால் ஒரு படத்தை எத்தனை நாளில் நீக்குவார்கள் என்றும் அதில் இருக்கட்டும். உங்கள் படியை இரண்டு வன்தட்டுகளில் வையுங்கள். ஒன்று ஓசூரில் உங்களிடமும், மற்றொன்று வேறு ஊரில் ஓர் உறவினரிடமும் இருக்கட்டும்.

சித்தப்பாவின் தயக்கத்தை நான் குறையாகக் கருதவில்லை. மொய் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: எந்தெந்த ஊர்களோடு உங்களுக்குக் கொள்வினை கொடுப்பினை இருந்தது, யார் ரூபாயாக வைத்தார், யார் வள்ளக் (தானியம் அளக்கும் படி) கணக்கில் கேழ்வரகாகக் கொடுத்தார் என்று ஒரு வட்டாரத்தின் பொருளாதாரமே அதில் இருப்பதால், ஆவணகத்துக்கு உங்கள் பெட்டியில் மிக மதிப்புள்ளது அதுவே என்பேன். அதே நோட்டு, இன்னும் உயிரோடிருக்கும் ஒருவர் ஒரு ரூபாய் மட்டும் வைத்ததையும் காட்டும். இதற்காகத்தான் ஆவணகங்களில் அணுக்கப் படிநிலைகள் உண்டு: எல்லாரும் பார்க்கக்கூடியவை, கல்லூரிக்குள் வந்து படிக்க மட்டும் கூடியவை, குறித்த ஆண்டு வரை மூடி வைக்கப்படுபவை. அந்தப் பட்டியலைச் சித்தப்பாவையே போடச் சொல்லுங்கள். நோயுற்றவர், பிணம், பூப்பு நீராட்டு, முறிந்த திருமணம் ஆகியவை தொடர்பான படங்களை அவரே மூடிய வரிசையில் வைப்பார். மீதியைக் கொடுக்க அவருக்குத் தடை இருக்காது என்று நினைக்கிறேன். அத்தையின் பேச்சுப் பதிவுக்கும் அவருடைய ஒப்புதல் தனியாக வேண்டும், அதை அவர் குரலிலேயே பதிவின் தொடக்கத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்காத ஒன்று: வீடும் ஓர் ஆவணம். இடிப்பதற்கு முன் ஒரு காலை வெளிச்சத்தில் ஒவ்வோர் அறையின் நான்கு மூலைகளிலிருந்தும் படமெடுங்கள். கதவு நிலை, அடுப்பங்கரைப் புகைபோக்கி, மாடாக்குழி, ஆட்டுக்கல் இருந்த இடம் ஆகியவற்றை அருகிலிருந்து தனியே எடுங்கள். நீள அகலத்தை அளந்து ஒரு தாளில் வரைபடமாகப் போடுங்கள். பிறகு அத்தையைக் கைத்தாங்கலாக வாசலிலிருந்து கொல்லைப்புறம் வரை நடத்திக்கொண்டு போய், எது எங்கே இருந்தது, யார் எங்கே படுத்தார்கள் என்று சொல்லச் சொல்லி வீடியோவில் பதியுங்கள். கல்லூரி மாணவர்களை அதற்கு அடுத்த வாரம் வரச் சொன்னால் போதும்.