நெட் வருகிறது, கீழ்க்கடை கம்ப்யூட்டர் மட்டும் தெரியவில்லை!

கேள்வி: செங்கோட்டை பக்கம் புளியரையில் கீழே கடை, மாடியில் வீடு. கடையில் பில் போடும் கம்ப்யூட்டர், மாடியில் மகளின் லேப்டாப், இரண்டும் விண்டோஸ். இரண்டிலும் நெட் வருகிறது, ஆனால் ஒன்றுக்கொன்று தெரிவதில்லை. மாடியில் சிக்னல் குறைவு என்று தனி ரவுட்டர் வாங்கி வைத்திருக்கிறோம்.

பதில்: உங்கள் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. ஃபைபர் இணைப்போடு வந்த மோடமே ஒரு ரவுட்டர். அதன் வயரை மாடி ரவுட்டரின் ‘வான்’ (WAN, வெளி இணைப்புக்கான) துளையில் செருகியிருப்பீர்கள். உடனே அது தனக்கென்று இன்னொரு நெட்வொர்க் போட்டுக்கொள்ளும். “யார் யார் இருக்கிறீர்கள்?” என்று கம்ப்யூட்டர் போடும் சத்தம் ரவுட்டரைத் தாண்டாது.

உறுதிப்படுத்திக்கொள்ள, இரண்டு கம்ப்யூட்டரிலும் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ (ipconfig) என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகத் தட்டுங்கள். ஐபிவி4 (IPv4) வரியைப் பாருங்கள், அதுதான் நெட்வொர்க்கில் அந்தக் கம்ப்யூட்டரின் முகவரி எண். கடையில் 192.168.1.5, மாடியில் 192.168.0.102 என்று மூன்றாவது எண் மாறி வந்தால் சந்தேகமே வேண்டாம். 169.254 என்று தொடங்கினால் கதை வேறு: ரவுட்டரிடமிருந்து எண்ணே கிடைக்கவில்லை. வயரைப் பாருங்கள், உங்கள் ஊர்ச் சாரலில் பிளக் முள் பச்சை பூத்திருக்கலாம். நறுக்கிவிட்டுப் புது பிளக் அடிப்பதுதான் வழி.

மாடி ரவுட்டரில் ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’ (தனி நெட்வொர்க் போடாமல் சிக்னல் மட்டும் தரும் முறை) இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இல்லையென்றால் கையால் செய்யலாம், வரிசை மாறக்கூடாது. முதலில் வான் வயரை உருவுங்கள். மோடம் 192.168.1.1 என்றால், மாடி ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தை பிரவுசரில் திறந்து, அதன் லேன் (LAN, வீட்டுக்குள் இருக்கும் நெட்வொர்க்) முகவரியை 192.168.1.250 ஆக்குங்கள், மோடம் பிறருக்குக் கொடுக்கும் எண் வரிசைக்குள் அது வரக்கூடாது. புது முகவரியில் மறுபடி உள்ளே போய் டிஹெச்சிபியை (DHCP, கம்ப்யூட்டர்களுக்கு எண் வழங்கும் வேலை) அணையுங்கள். கடைசியாக வயரை ‘லேன்’ துளையில் செருகுங்கள். டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் மோடம், மாடி ரவுட்டர் இரண்டுமே எண் வழங்கி, நெட் விட்டுவிட்டு வரும். பிறகு இரண்டு கம்ப்யூட்டரையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

விண்டோஸ் செட்டிங்ஸில் இரண்டிலும் நெட்வொர்க்கை ‘பிரைவேட்’ ஆக்குங்கள். ‘பப்ளிக்’கில் ஃபயர்வால் கதவைச் சாத்திவிடும். ‘கெஸ்ட்’ (விருந்தினருக்கான தனி) வைஃபையில் லேப்டாப்பைச் சேர்க்காதீர்கள்.

இனி கடை கம்ப்யூட்டரில் ஃபோல்டரை ஷேர் செய்துவிட்டு, லேப்டாப்பின் ‘ரன்’ பெட்டியில் \\192.168.1.5 என்று தட்டுங்கள். நெட்வொர்க் ஐகானில் பெயர் தெரியவில்லை என்று ‘எஸ்எம்பி1’ (SMB1) என்ற பழைய ஃபைல் ஷேரிங் முறையைப் போடச் சொல்வார்கள். வேண்டாம், 2017-இல் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட ‘வான்னாக்ரை’ வைரஸ் பரவியது அந்த ஓட்டை வழியாகத்தான். பெயர் தெரியாவிட்டாலும் எண் போட்டால் திறக்கும்.

பாஸ்வேர்ட் கேட்டால் நான்கு இலக்க பின் செல்லாது, கடை கம்ப்யூட்டரின் கணக்குப் பாஸ்வேர்டே வேண்டும். பாஸ்வேர்டே வைக்காத கணக்கு என்றால், நெட்வொர்க் வழியாக விண்டோஸ் உள்ளே விடாது, ஒன்று வைத்துவிடுங்கள். கடை கம்ப்யூட்டரின் எண் நாளைக்கு மாறலாம். மோடத்தில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ போய் 192.168.1.5-ஐ அதற்கே ஒதுக்கிவிடுங்கள்.