ஆஸ்திரேலியாவில் அன்சாக் நாளை எப்படிக் கடைப்பிடிக்கிறார்கள்? அது போர் வெற்றி விழாவா?

வெற்றி விழா இல்லை. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 25 அன்று இந்த நாடு கண்விழித்து நினைவுகூர்வது, 1915இல் துருக்கியில் தோற்றுப்போன ஒரு படையெடுப்பை.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பிறந்தவன். 14 ஆண்டுகளாக விக்டோரியா மாநிலத்துப் பாலரட் நகரில் குடியிருக்கிறேன். வந்த புதிதில் எனக்கும் இதே கேள்வி இருந்தது. அதற்கு விடை தந்தவை இந்த ஊரின் மரங்கள்.

பாலரட்டிலிருந்து மேற்கே போகும் சாலையில் சுமார் 22 கிலோமீட்டர் தூரத்துக்கு இருபுறமும் மரங்கள் நிற்கின்றன. மரத்துக்கு ஒரு பெயர்ப்பலகை. இந்த வட்டாரத்திலிருந்து முதல் உலகப் போருக்குப் போன 3,771 பேருக்கு ஆளுக்கொன்று என்று 1917 முதல் 1919 வரை நட்டது, லூகாஸ் என்ற ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்கள். சுமார் 500 பேர் சேர்ந்து பணம் திரட்டி, மண்வெட்டி பிடித்து நட்டார்கள். செத்தவர்களுக்கு மட்டும் என்று அவர்கள் நடவில்லை. திரும்பி வந்தவர்களுக்கும் மரம் உண்டு, செவிலியர்களுக்கும் உண்டு. யார் முதலில் பெயர் கொடுத்தாரோ அவருக்கு முதல் மரம். பதவி பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து பார்த்தேன். அடுத்தடுத்த மரங்களில் ஒரே குடும்பப் பெயர் வரும்போது கால் தானாக நின்றுவிடுகிறது.

ஏன் இப்படிப் பெயர் பெயராக நினைவு வைத்தார்கள்? உடல்கள் வரவில்லை என்பதுதான் காரணம். அன்று ஆஸ்திரேலியாவின் மக்கள்தொகை 50 லட்சத்துக்கும் குறைவு. சுமார் 4,16,000 பேர் படையில் சேர்ந்தார்கள். 60,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கட்டாய ராணுவச் சேவை வேண்டுமா என்று 1916இலும் 1917இலும் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். இரண்டு முறையும் மக்கள் மறுத்துவிட்டார்கள். ஆகவே கடல் தாண்டிப் போன அத்தனை பேரும் தாமாக முன்வந்தவர்கள். இறந்தவர்களை விழுந்த இடத்திலேயே புதைப்பது அன்றைய பிரிட்டிஷ் பேரரசின் நடைமுறை. போர் நடந்த ஆண்டுகளில் உடலாகத் தாய்நாடு திரும்பியவர் மேஜர் ஜெனரல் பிரிட்ஜஸ் ஒருவர்தான். மற்ற தாய்மார்களுக்குப் போய் அழ ஒரு கல்லறை இல்லை. கப்பல் டிக்கெட் வாங்கித் துருக்கிக்கோ பிரான்சுக்கோ போய்ப் பார்க்க எத்தனை பேரால் முடியும்? அதனால்தான் பத்து வீடுகளும் ஒரு கடையும் உள்ள ஊரில்கூட, முச்சந்தியில் பெயர் பொறித்த ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. அந்தக் கல்தான் அவர்களுக்குக் கல்லறை.

ஏப்ரல் 25இன் கதை இதுதான். 1915இல் அந்த நாள் விடியும் நேரத்தில், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையினர் துருக்கியின் கலிப்போலி தீபகற்பத்தில் இறங்கினார்கள். அந்தக் கூட்டுப் படையின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துகள் சேர்ந்துதான் 'அன்சாக்' ஆயிற்று. செங்குத்தான மேடுகளில் எட்டு மாதம் சிக்கிக் கிடந்து, அந்த ஆண்டு டிசம்பரில் இரவோடு இரவாகப் பின்வாங்கினார்கள். 8,000க்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியர்களும் 2,700க்கும் மேற்பட்ட நியூசிலாந்தினரும் அங்கே இறந்தார்கள். தங்கள் மண்ணைக் காத்து நின்ற துருக்கியர் தரப்பில் இறந்தவர்கள் 80,000க்கும் மேல். இந்தியப் படையினரும் அங்கே போரிட்டார்கள். முதல் நாளிலேயே கோவேறு கழுதைகளில் பீரங்கிகளைக் கொண்டுவந்து இறக்கியது ஓர் இந்திய மலைப் பீரங்கிப் படை. அடுத்த ஆண்டே, அதாவது 1916இல், ஆஸ்திரேலிய நகரங்கள் இந்த நாளைக் கடைப்பிடிக்கத் தொடங்கிவிட்டன.

இப்போது விடியல் அஞ்சலியைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஸ்டர்ட் தெரு நினைவுச்சின்னத்தின் முன் இருட்டிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். ஏப்ரல் கடைசி என்றால் இங்கே இலையுதிர் காலம். பாலரட் குளிர் எலும்பைத் தொடும். பல்லாயிரம் கால்கள் வந்து நிற்கின்றன, பேச்சுச் சத்தம் இல்லை. முதல் முறை நான் போனபோது அந்த இருட்டில் என் காதில் விழுந்தது ஒரே ஒரு ஒலி: பதக்கங்கள் ஒன்றோடொன்று உரசும் மெல்லிய கிணுகிணுப்பு. யாராவது கால் மாற்றி நின்றால் கேட்கும், பிறகு அடங்கிவிடும்.

அந்தப் பதக்கங்களில் ஒரு நுட்பம் இருக்கிறது. சொந்தப் பதக்கத்தை இடது மார்பில் அணிவார்கள். தந்தையுடையதையோ தாத்தாவுடையதையோ அணிபவர்கள் வலது மார்பில் குத்திக்கொள்வார்கள். எனக்கு முன்னால் எட்டு வயது இருக்கும் ஒரு சிறுமி நின்றாள். வலப்பக்கம் நான்கு பதக்கங்கள். கம்பளிச் சட்டை அந்தக் கனம் தாங்காமல் தொங்கியது. அவள் ஒரு கையால் பதக்கங்களை மேலே தூக்கிப் பிடித்தபடியே கடைசிவரை நின்றாள். கலிப்போலியிலிருந்து திரும்பியவர்களில் கடைசியாக இருந்த அலெக் கேம்பல் 2002இல் தம் 103ஆவது வயதில் காலமானார். இடது மார்புகள் குறைந்துகொண்டே போகின்றன. வலது மார்புகள் கூடிக்கொண்டே வருகின்றன.

நிகழ்ச்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பிரார்த்தனை, ஒரு சிறு உரை, மலர்வளையங்கள். பிறகு ஒருவர் ஊதுகொம்பில் 'லாஸ்ட் போஸ்ட்' வாசிப்பார். ராணுவ முகாமில் நாள் முடிந்தது என்று அறிவிக்கும் இசை அது. அதைத் தொடர்ந்து மௌனம். அந்த மௌனத்தில் பறவைகள் விழித்துக் கத்தத் தொடங்கும். விழித்தெழும் நேரத்துக்குரிய இசை மறுபடி ஒலிக்கும்போது கிழக்கு வெளுத்திருக்கும். 1914இல் லாரன்ஸ் பின்யன் எழுதிய கவிதையின் நான்கு வரிகளைச் சொல்லி முடிக்கும்போது, 'நினைவில் கொள்வோம்' என்ற கடைசி வரியைக் கூட்டம் முழுவதும் தாழ்ந்த குரலில் திருப்பிச் சொல்லும். கைதட்டல் கிடையாது.

சட்டையில் ஒரு கொத்து ரோஸ்மேரி குத்தியிருப்பார்கள். கலிப்போலி மேடுகளில் தானாக வளரும் செடி அது. பகல் ஒரு மணி வரை எங்கள் மாநிலத்தில் பெரும்பாலான கடைகள் திறக்காது. காலையில் அணிவகுப்பு, மாலையில் மெல்பர்னில் கால்பந்து. அந்த ஆட்டம் தொடங்கும் முன் ஏறத்தாழ 90,000 பேர் ஒரு நிமிடம் இருமல்கூட இல்லாமல் நிற்பதைத் தொலைக்காட்சியில் பார்த்தாலே சிலிர்க்கிறது. ஓட்சும் தேங்காய்த் துருவலும் கோல்டன் சிரப்பும் சேர்த்து, முட்டை இல்லாமல் சுடும் அன்சாக் பிஸ்கட்டைப் பக்கத்து வீட்டு அம்மையார் ஒரு டப்பா நிறையக் கொடுத்துவிடுவார். 'அன்சாக்' என்ற சொல்லை அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. 2020இல் கொரோனா காரணமாகக் கூட்டம் கூட முடியாதபோது, எங்கள் தெருவில் எல்லோரும் அவரவர் வீட்டு வாசலில் மெழுகுவத்தியுடன் நின்றோம். யாரோ ஒரு பையன் மாடியிலிருந்து தட்டுத்தடுமாறி 'லாஸ்ட் போஸ்ட்' இசையை ஊதினான். நான் கேட்டதிலேயே நெஞ்சைத் தொட்டது அதுதான்.

கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. போர்க்களத்தில் உடனிருந்து எழுதிய சார்லஸ் பீன் என்ற செய்தியாளரின் கனவு அது. 1941 நவம்பர் 11 அன்று திறந்தார்கள். முற்றத்தின் இருபுறமும் வெண்கலப் பலகைகளில் 1,03,000க்கும் மேற்பட்ட பெயர்கள். தளபதிக்கும் சிப்பாய்க்கும் வேறுபாடு தெரியாதபடி பதவியும் பட்டமும் இல்லாத வெறும் பெயர்கள். 1993இல், பிரான்சில் புதைக்கப்பட்டிருந்த பெயர் தெரியாத ஓர் ஆஸ்திரேலியச் சிப்பாயின் உடலைக் கொண்டுவந்து இங்கே அடக்கம் செய்தார்கள். அன்று வரிசையில் காத்திருந்த மக்கள், கையிலிருந்த சிவப்புப் பாப்பி பூவைப் பக்கத்துப் பலகையின் இடுக்கில் செருகிவிட்டுப் போனார்கள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. இன்று அந்தச் சுவர் முழுக்கச் சிவப்பு. 2013 முதல் தினமும் மாலை, நினைவகத்தை மூடும் முன் அந்தப் பெயர்களில் ஒன்றை எடுத்து, அவர் எந்த ஊர், என்ன வேலை பார்த்தார், எப்படி இறந்தார் என்று வாசிக்கிறார்கள். நாளுக்கு ஒருவர் வீதம் எல்லோரையும் சொல்லி முடிக்க 280 ஆண்டுகளாவது ஆகும். அவசரமில்லாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். மக்கள் மனத்தில் ஆழமாக நிற்பவர்கள் எதிரியைக் கொன்றவர்கள் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் முதலில் படிப்பது, கலிப்போலியில் கழுதை மேல் காயம்பட்டவர்களை ஏற்றிக் கொண்டுவந்து, 24 நாளில் தானே குண்டடிபட்டு இறந்த சிம்ப்சனின் கதையை. அடுத்த போரிலிருந்து இவர்கள் நெஞ்சில் வைத்திருப்பது, ஜப்பானியரின் சிறையில் சக கைதிகளைக் காப்பாற்றிய 'வியரி' டன்லப் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவரை.

இவ்வளவு அக்கறையிலும் விடுபட்டவர்கள் உண்டு. முதல் போரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழங்குடி மக்கள் சேர்ந்தார்கள். அவர்களைச் சேர்க்கக் கூடாது என்ற விதியை மீறியே பலர் சேர வேண்டியிருந்தது. திரும்பி வந்த வெள்ளையருக்குக் கிடைத்த குடியேற்ற நிலம் இவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. வியட்நாம் போருக்குப் போனவர்கள் முறையான வரவேற்பு அணிவகுப்புக்கு 1987 வரை காத்திருந்தார்கள். அணிவகுப்பில் இன்று பழங்குடியினரின் கொடியும் வருகிறது என்பதற்காக அந்தப் பழைய கணக்கு நேராகிவிட்டதாக நான் நினைக்கவில்லை.

எனக்கு இது நெருக்கமானதற்குக் காரணம் சயாம் மரண ரயில். பர்மாவுக்கும் தாய்லாந்துக்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதையை 1942-43இல் ஜப்பானியர் போட்டபோது, வேலை செய்யவைக்கப்பட்ட ஆஸ்திரேலியக் கைதிகள் ஏறத்தாழ 13,000 பேர். 2,800 பேர் வரை இறந்தார்கள். அதே பாதையில் ஆசியத் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் மடிந்தார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பகுதி ரப்பர் தோட்டத் தமிழர்கள். என் தாத்தாவின் அண்ணன் அவர்களில் ஒருவர். லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்பதோடு வீட்டுக் கதை முடிந்துவிடும். நாள் தெரியாததால் பாட்டி மகாளய அமாவாசையில் அவருக்கும் ஒரு இலை போடுவார்.

பாலரட் தாவரவியல் பூங்காவில் முன்னாள் போர்க்கைதிகளுக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. 2004இல் திறந்தது. 130 மீட்டர் நீளக் கறுப்புக் கருங்கல் சுவரில் 35,000க்கும் மேற்பட்ட பெயர்கள். சுவரையொட்டிப் போகும் பாதையின் கற்களை ரயில் பாதைச் சிலீப்பர் கட்டைகளின் வடிவில் வெட்டிப் பதித்திருக்கிறார்கள். விவரம் தெரியாமல் முதல் நாள் அதில் நடந்த நான், பாதி வழியில் காலடியைப் பார்த்து நின்றுவிட்டேன்.

பிஸ்கட் கொடுக்கும் பக்கத்து வீட்டு அம்மையாரின் தந்தை பெயர் அந்தச் சுவரில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் விடியல் அஞ்சலி முடிந்ததும் அவரை நான்தான் காரில் அழைத்துப் போகிறேன். ஒரு முறை என் குடும்பக் கதையைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். அந்த ரயில் பாதையோரம், ஆற்றின் கீழ்ப்பக்கம் தமிழர் முகாமில் காலரா வந்ததையும், இரவில் கேட்ட அழுகையையும் தம் தந்தை ஒரே ஒரு முறை சொல்லியிருப்பதாகச் சொன்னார். பிறகு, "உங்கள் தாத்தாவின் அண்ணன் பெயர் என்ன?" என்று கேட்டார். சொன்னேன். சரியாக வரும்வரை மூன்று முறை உச்சரித்துப் பார்த்தார்.

இந்த ஆண்டு ஏப்ரல் 25 காலை நான் காரை எடுத்தபோது, தம் தோட்டத்திலிருந்து ரோஸ்மேரி பறித்துக் கையில் வைத்திருந்தார். ஒரு கொத்தைச் சுவரில் தந்தையின் பெயருக்குக் கீழே வைத்தோம். இன்னொன்றை அந்தக் கட்டை வடிவக் கற்களில் ஒன்றின் மேல் வைத்தோம்.